தைக்காத துணி

சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியாது. உங்கள் உடம்பில் எது எப்படி இருந்தாலும் நாலு பொத்தானைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். நான் குருக்கள் வீட்டில் பிறந்தவன். பூணூல் போட்ட நாளிலிருந்து சுவாமி முன்னால் மேலுடம்பு வெறுமையாகத்தான் நிற்க வேண்டும். தோளில் கிடக்கிற அங்கவஸ்திரத்தைக்கூட எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டால்தான் மரியாதை. தைத்த துணி எதுவும் கர்ப்பக்கிரகத்துக்குள் வரக்கூடாது.

எங்கள் தொழிலில் தொந்தி ஒரு குறையே இல்லை. சொல்லப்போனால் அது லட்சணம். எனக்கோ தொந்தி இல்லை. மீசை அரும்பின வயதில், ஒல்லி உடம்பில் மார்பு மட்டும் இரண்டு பக்கமும் பெண்பிள்ளைக்கு வருகிற மாதிரி வளர ஆரம்பித்தது. வளர்ந்தது நிற்கவும் இல்லை. கோயிலுக்கு வரும் இளவட்டங்கள் எனக்கு 'சின்ன அர்த்தநாரி' என்று பேர் வைத்தார்கள். பெண்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தீபாராதனைத் தட்டில் மட்டும் கண்ணை வைத்துக்கொள்வார்கள். அதுதான் இன்னும் வலிக்கும்.

அதனால் இடது கையை மடக்கி மார்பின் குறுக்கே வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தட்டு, பூ, விபூதி, எல்லாமே வலது கை ஒன்றால்தான். அப்பாவுக்கு இது ஆகவே ஆகாது.

"ரெண்டு கையாலயும் வாங்குடா! பகவான் காரியம்டா இது. கடையில கடலை மிட்டாயா வாங்கறே?" என்று எத்தனை பேர் இருந்தாலும் கத்துவார்.

அப்பாவுக்கும் இதே மார்புதான். என்னைவிடப் பெரிசு, தொங்கலாக வேறு இருக்கும். அவர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. வெயில் நாளில் அபிஷேகச் சந்தனத்தை அள்ளி இரண்டு பக்கமும் அப்பிக்கொண்டு, அங்கவஸ்திரத்தை உதறி ஒற்றைத் தோளில் போட்டு, சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் ராஜா மாதிரி நிற்பார். நாங்கள் இருந்தது மதுரையில், பல குடித்தனங்கள் வரிசையாக இருக்கிற ஒரு ஸ்டோர் வீட்டில். கோயில் சமயநல்லூரைத் தாண்டி, வாடிப்பட்டி போகிற வழியில், கால்வாய் ஓரத்துக் கிராமம் ஒன்றில். அம்மா நான் படிக்கும்போதே போய்விட்டாள். தினமும் காலையிலும் சாயங்காலமும் டவுன் பஸ்ஸில் போய் நானும் அப்பாவும்தான் பூஜை பார்த்தோம்.

எண்பதுகளின் கடைசி அது. ஊர்க்காரர்கள் கூடிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். தை மாதம். யாகத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வந்தாலும் மூலவர் விமானத்தில் ஏறித் தீர்த்தம் ஊற்றுவது எங்கள் வீட்டுப் பாத்தியதை. போன தடவை அப்பா ஊற்றினார். இந்தத் தடவை அவருடைய முட்டி சாரம் ஏறுகிற நிலையில் இல்லை.

"நீதாண்டா ஏறணும்," என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

 குடத்தைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டும். மேலே ஏறி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். கீழே சுத்துப்பட்டு ஜனம் அம்புட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். மறைக்க எனக்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? எத்தனையோ ராத்திரி அதை நினைத்துப் புரண்டேன். தைக்குள் இந்த மார்பு போயாக வேண்டும். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த டாக்டர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். சின்ன நர்சிங் ஹோம். அவர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முக்கால்வாசி கொழுப்புதான் சாமி. பெரிசா கிழிக்க வேணாம். அக்குள் பக்கம் சின்னதா ஒரு ஓட்டை. குழாய விட்டு உறிஞ்சி எடுத்துடலாம். புதுசா வந்திருக்கு."

"வலிக்குமா?"

"கொஞ்சம்."

டாக்டர்கள் சொல்கிற கொஞ்சத்துக்கு அளவே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னபோது ஆடித் தீர்த்துவிட்டார். "பகவான் குடுத்த உடம்புடா! எனக்கும்தான் இருக்கு. எவனாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கானா?"

"உங்களைக் கேக்க மாட்டா. என்னைக் கேக்கறா," என்றேன். ஆனால் அப்பா ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் எனக்கு முன்னால் குளித்து விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்றார். ரிக்‌ஷாவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜபமா, திட்டா தெரியவில்லை.

அதற்கு முன்னால் தையல்காரரிடம் போன கதையைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மார்பை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு கச்சை வேண்டும், பொங்கல் வரைக்கும் ராவும் பகலும் கழற்றக்கூடாது, தடித்த துணியில் தைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் படம் போட்டுக் கொடுத்திருந்தார். தையல்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, இது ரவிக்கைல்ல? அளவு ரவிக்கை கொண்டாரலையா?"

"எனக்குத்தாம்ப்பா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "ஹூக்கு முன்னாடி வைக்கவா, பின்னாடி வைக்கவா சாமி?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த டேப்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ரவிக்கை போட்டுக்கொண்டால்தான் ரவிக்கை வேண்டாத உடம்பு கிடைக்குமாம். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! முன்னாடி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி அன்னாபிஷேகம் முடிந்த கையோடு ஆபரேஷன் நடந்தது. பூணூலைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கடைசியில் நர்ஸம்மாவே அதை இடுப்பில் சுற்றிவிட்டு, "இப்பச் சரியா சாமி?" என்றார். மயக்கம் தெளிந்தபோது மார்பின் மேல் பாரவண்டி ஏறி இறங்கிய மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. முன்னைவிடப் பெரிசாக இருந்தது.

"வீக்கம் சாமி. வத்திரும், வத்திரும்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அசல் பாடு. ஒருக்களிக்க முடியாது. குப்புறப் படுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சுவரில் தலையணையைச் சாத்தி உட்கார்ந்தபடியே தூங்கினேன். தும்மல் வந்தால் உயிர் போகும். சிரிக்கவே பயம். அக்குளிலிருந்து வயிறு வரைக்கும் தோல் முதலில் கத்தரிக்காய் நிறமானது, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். மேலே தொட்டால் மரத்துக் கிடக்கும். உள்ளே மட்டும் தணலைக் கொட்டிய மாதிரி எரியும். எரிச்சல் கொஞ்சம் அடங்கினால் அரிப்பு. கச்சைக்குள் விரல் போகாது. விசிறிக் காம்பை விட்டுச் சொறிந்தேன். அப்பா அதையும் பிடுங்கிக்கொண்டார்.

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும். நின்றால் நடக்கத் தோன்றும். ஸ்டோர் வீட்டு நடை மொத்தமே பத்தடிதான், அதிலேயே போவதும் வருவதுமாக இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஹூக்கைக் கழற்றிப் பார்ப்பேன். கழற்றக்கூடாது என்பது தெரியும். இருந்தாலும் இருப்புக்கொள்ளாது. நேற்றைக்கு இன்றைக்கு வற்றியிருக்கிறதா? இடது பக்கம் பெரிசா, வலது பக்கமா? குழம்பில் உப்பு அதிகமானால் கத்தினேன். குறைந்தால் அதற்கும் கத்தினேன். சமைத்தது அப்பாதான், பாவம். காலையில் சாதம் வடித்துவிட்டு, வீங்கிய முட்டியோடு பஸ் ஏறிப் பூஜையை முடித்து வந்து, மத்தியானம் எனக்குப் பரிமாறிவிட்டு, சாயங்காலம் மறுபடியும் பஸ் ஏறுவார்.

ஊரில் என்னைக் கேட்டவர்களிடம் அப்பா, "நெஞ்சில ஒரு கட்டி. எடுத்தாச்சு," என்று சொல்லியிருக்கிறார். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. ஆனால் அந்த ஊரில் நெஞ்சுக் கட்டி என்றால் ஒரே அர்த்தம்தான். முதல் தடவை நான் கோயிலை எட்டிப் பார்க்கப் போனபோது, சட்டை போட்டு வெளி மண்டபத்தோடு நின்றுகொண்டேன். கிழவி ஒருத்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"எம்புட்டு வயசு இந்தப் புள்ளைக்கு! இதுக்குள்ள இப்படி ஒரு நோவா! கவலப்படாதீக சாமி, ஆத்தாகிட்ட வேண்டியிருக்கேன்."

பின்னாலேயே ஆளாளுக்குத் தேங்காய் பழத்தோடு வந்து என் நட்சத்திரத்தைக் கேட்டார்கள். என் ஆயுசுக்கு அர்ச்சனை. என்னை சின்ன அர்த்தநாரி என்றவனும் அந்தக் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சிரித்தால் வலிக்கும். வெட்கமாகவும் இருந்தது. சாகப் போகிறவனாக இருந்தால் கேலி நின்றுவிடுகிறது பாருங்கள்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தது. எங்களுக்கு வேலை அதிகமான மாதம் அதுதான். விடிவதற்கு முன்னாலேயே நடை திறக்க வேண்டும். அப்பாவின் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கி, பஸ் படியில் ஏறவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாகிவிட்டது. என் புண்ணும் மூடியிருந்தது. ரத்தமோ சீழோ கசிகிற உடம்போடுதான் சுவாமியைத் தொடக்கூடாது, அந்தத் தோஷம் போய்விட்டது. இனி நான் போவதுதான் நியாயம். ஆனால் கச்சை? தைத்த துணி ஆயிற்றே!

இரண்டு நாள் நானும் அப்பாவும் இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டோம். மூன்றாம் நாள் காலை அப்பா பெட்டியைத் திறந்து தன் புது மயில்கண் வேஷ்டியை எடுத்தார். யாரோ தங்கள் சஷ்டியப்தபூர்த்திக்குக் கொடுத்தது, இன்னும் மடிப்புக்கூடக் கலைக்கவில்லை. பல்லால் கடித்து, நீளவாக்கில் சர்ரென்று கிழித்தார்.

"தைக்காத துணிடா. இதைக் கட்டிண்டு உள்ளே போனா எந்த சாஸ்திரம் தடுக்கப் போறது?"

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. தினமும் விடிகாலையில் கிணற்றடியில் குளித்ததும் கச்சையை எடுத்துவிட்டு அப்பா அந்தத் துணியைச் சுற்றிக் கட்டுவார். முதுகில் முட்டியை ஊன்றி இழுக்க முடியாது அவரால். ஆகவே என்னைத் தூணில் கை வைத்து நிற்கச் சொல்லித் தன் பாரம் முழுவதையும் போட்டு இழுப்பார்.

"மூச்சை அடக்குடா. வலிக்கறதா?"

"இழுங்கோ."

"வலிக்கறதான்னு கேட்டேன்."

"வலிச்சா விட்டுடுவேளா? இழுங்கோ!"

ஆபரேஷன் கூடாது என்று ஆடியவர், அதற்கப்புறம் ஒரு நாள்கூட அந்தக் கட்டைத் தவறவிடவில்லை. கட்டி முடித்ததும் முன்பக்கம் வந்து நின்று, சுவாமிக்கு அலங்காரம் முடித்த பிறகு பார்ப்பாரே, அந்த மாதிரி தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு வேளைதான் எனக்கு நாளெல்லாம் இருந்த பதைப்பு கொஞ்சம் அடங்கும்.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை யோசிக்கவில்லை. கர்ப்பக்கிரகத்தில் அபிஷேகம் செய்கிறவன் நனையாமல் இருக்க முடியுமா? ஈரத்தில் வேஷ்டித் துணி இளகிவிடும். குடம் தூக்கத் தூக்கக் கட்டு கீழே கீழே இறங்கும். நான் அதைக் கவனித்தேன். வலிக்காமல் இருந்ததால் சந்தோஷப்பட்டேன்! வைகுண்ட ஏகாதசி கழிந்து ஒரு நாள் பஸ் குலுங்கினபோது இடது மார்புக்குள் என்னவோ தளும்பியது. கையை வைத்தேன். இளநீரை ஆட்டிப் பார்ப்பது போல இருந்தது.

டாக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். "கழட்டாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, படிச்ச மனுசன்தானே நீங்க!" பெரிய ஊசியைக் குத்தி உறிஞ்சினார். மஞ்சளும் சிவப்புமாக நீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்திருந்தார். வீட்டுப் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு வந்தவர், அங்கவஸ்திரம் இடுப்பிலேயே இருந்தது.

ஊசியை எடுத்துவிட்டு நிமிர்ந்த டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, அப்பாவுக்கும் இருக்கே! அதான் பிள்ளைக்கு வந்திருக்கு. ஒன்னும் பிரச்சன இல்ல பெரியவரே. வேணும்னா உங்களுக்கும் எடுத்துடலாம்."

நர்ஸம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "இனிமே எனக்கு எதுக்கு," என்றார். எனக்கு அந்த டாக்டரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே, "சார், தைக்குள்ள சரியாயிடுமா?" என்றுதான் கேட்டேன். எனக்கு என் கவலை. முழுசாகச் சரியாகாது, ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக நிற்கும், எட்ட நின்று பார்த்தால் தெரியாது என்றார்.

அதன் பிறகு கச்சையைக் கழற்றவில்லை. பூஜைக்கு உறவில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, அப்பா பெயருக்குப் போய் வந்தார். பஸ்ஸுக்குப் போகும்போது அங்கவஸ்திரத்தை இரண்டு தோளும் மூட அகலமாக விரித்துப் போர்த்திக்கொள்வதைப் பார்த்தேன். மார்கழிக் குளிர் என்று நினைத்தேன். தை பிறந்து வெயில் ஏறின பிறகும் அப்படித்தான் போனார். சந்தனம் பூசிக்கொள்வதை எப்போது விட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையில் கச்சையைக் கழற்றினேன். வலது பக்கம் பலகை போல இருந்தது. இடது பக்கம் ஒரு சின்ன மேடு, தொட்டால் கல்லாக இருந்தது. போதும். பஞ்சகச்சம் கட்டி, அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கி, தலையில் பரிவட்டம் வைத்துக்கொண்டேன். குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தேன். இடது அக்குளில் சுரீரென்று இழுத்தது, கண்ணில் நீர் வந்தது. வரட்டும் என்று நடந்தேன். மேளம், அதிர்வேட்டு, ஜனங்களின் கூச்சல். அர்த்தநாரிக் கோஷ்டியும் நின்றது. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

சாரத்தில் ஏறி விமானத்தின் பக்கத்தில் நின்றேன். கீழே தலைகளாகத் தெரிந்தது. வயல் வரைக்கும் கூட்டம். ஊற்றச் சொல்லிப் பச்சைக் கொடி அசைந்தது. குடத்தை இரண்டு கையாலும் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினேன். பாருங்கடா, இப்போது பாருங்கள் என்று மனசு கத்தியது.

அந்த நேரம் பார்த்து எவனோ, "கருடன்! கருடன்!" என்று கத்தினான். அவ்வளவுதான். கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் அதைவிட வேறு என்ன வேண்டும்? மொத்த ஜனமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான் ஊற்றுகிறேன், ஒரு ஆள் என்னைப் பார்க்கவில்லை. அடப்பாவிகளா! இம்புட்டு வலியையும் எதற்குப் பட்டேன்? எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அப்போதுதான் கீழே ஒரே ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். யாகசாலை வாசலில் அப்பா. வானத்துப் பக்கமே அவர் திரும்பவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, சந்தோஷம்தான். எல்லோரையும் போல அவரும் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டியிருந்தார், வேறு வழியில்லை. இடது கையை மடக்கி மார்பின் குறுக்கே வைத்திருந்தார். நான் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தேனே, அதே மாதிரி.

ஊற்றி முடித்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. காலில் விழுந்தவர்களை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.  கையிலிருந்த குடத்தை அவரிடம் நீட்டினேன். கும்பாபிஷேகக் குடம், அடியில் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் இருந்தது. இரண்டு கையாலும் வாங்குவார், வாங்கியே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

"நன்னா பண்ணினேடா," என்றார் அப்பா. வலது கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார்.